மெம்பிரேன் சென்சாரா, டிபிடி அனலைசரா? பழுது பார்ப்பவன் பக்கத்திலிருந்து

நீரில் எஞ்சியிருக்கும் குளோரினைத் தொடர்ந்து அளக்க இரண்டையும் ஓட்டியிருக்கிறேன். முதலில் டிபிடி அனலைசர், அப்புறம் மெம்பிரேன் சென்சார். பிஎச் பெரிதாக ஆடாத நீர் என்றால் இன்று மெம்பிரேன் சென்சாரைத்தான் வாங்கச் சொல்வேன்.

டிபிடி அனலைசர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாதிரி எடுத்து, பிஎச்சை நிலையாக வைக்கும் பஃபரும், குளோரினோடு சேர்ந்தால் நிறம் தரும் டிபிடி என்ற ரசாயனமும் கலந்து, எழும் இளஞ்சிவப்பு நிறத்தை அளக்கும். பஃபர் இருப்பதால் நீரின் பிஎச் மாறினாலும் கவலையில்லை. மெம்பிரேன் சென்சாரிலோ, குளோரின் நீரில் கரைந்து உண்டாகும் ஹைப்போகுளோரஸ் அமிலம் சவ்வைக் கடந்து போய் கேத்தோடில் (எதிர்மின்வாயில்) சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். ரீஏஜென்ட், அதாவது சோதனை ரசாயனம், வாங்குவதும் இல்லை, ரசாயனக் கழிவும் இல்லை.

என் முடிவைத் தீர்மானித்தது, கோளாறு வரும்போது கருவி என்ன காட்டுகிறது என்பதுதான். டிபிடியில் ரீஏஜென்ட் தீர்ந்தால் நிறமே வராது, ரீடிங் பூஜ்யத்துக்குப் போய்விடும். குளோரின் அளவுக்கு மீறி ஏறினாலும் நிறம் வெளுத்து, ரீடிங் குறைந்துவிடும். நேரெதிரான இரண்டு நிலைமைகள், திரையில் ஒரே மாதிரி. நீரில் குளோரின் செலுத்தும் டோசிங் பம்ப் அந்த ரீடிங்கை நம்பி ஓடினால், இரண்டிலும் குளோரினைக் கூட்டிக்கொண்டே போகும். பம்ப் டியூப் தளர்வது, அளவிடும் செல்லில் கறை படிவது எல்லாம் தனிக்கதை.

மெம்பிரேன் சென்சாரும் பொய் சொல்லும். ஆனால் காரணம் பெரும்பாலும் சென்சாருக்கு வெளியே இருக்கும். இதை நான் தப்புச் செய்துதான் கற்றேன். ஒருநாள் சென்சார் 0.4 காட்டியது, கை டிபிடி கிட்டில் லிட்டருக்கு 0.6 மில்லிகிராம். உடனே கேலிபரேட் செய்து 0.6-க்குக் கொண்டுவந்தேன். இரண்டு நாள் கழித்து, அடைத்திருந்த வடிகட்டியைச் சுத்தம் செய்ததும் ரீடிங் 0.9-க்குத் தாவியது. கிட்டில் அப்போதும் 0.6தான். குறைந்திருந்தது சென்சாருக்கு வரும் நீரின் ஓட்டம். அந்தக் குறையைத்தான் நான் கேலிபரேஷனுக்குள் பூட்டிவைத்திருந்தேன்.

அதனால் இப்போது முதலில் ஓட்டத்தைப் பார்ப்பேன். ரீடிங் படபடவென்று ஆடினால் சவ்வில் காற்றுக் குமிழி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். அடுத்தது பிஎச். 7.5-இல் கட்டற்ற குளோரினில் (அம்மோனியா போன்றவற்றோடு சேராமல் இருக்கும் குளோரினில்) ஏறக்குறைய பாதிதான் ஹைப்போகுளோரஸ் அமிலம், 8.5-இல் பத்தில் ஒரு பங்கு. 7.2 இருந்த நீர் 7.8 ஆனால், கட்டற்ற குளோரின் அளவு மாறாமலேயே சாதாரண சென்சாரின் ரீடிங் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். இந்த மூன்றும் சரி என்றால் மட்டுமே சவ்வையும், சென்சாருக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட் திரவத்தையும் தொடுவேன். மாற்றிய கையோடு கேலிபரேட் செய்வதும் இல்லை. ஓர் இரவாவது குளோரின் உள்ள நீரில் ஓடவிட்டு, ரீடிங் நிலைத்த பிறகுதான். இவ்வளவையும் ஒருவரே, கையில் ஒரு கிட்டோடு பார்த்துவிடலாம். இந்த ஒன்றுக்காகவே எனக்கு மெம்பிரேன் சென்சார் பிடித்துப்போனது.

பிஎச் நாளுக்கு நாள் ஏறி இறங்கும் நீருக்கு, தனி பிஎச் சென்சார் வைத்துத் திருத்தம் செய்ய வசதி இல்லையென்றால், டிபிடிதான் மேல். குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலந்த நீரில் நான் கொஞ்ச நாள்தான் வேலை பார்த்திருக்கிறேன். அங்கே குளோரமைனில் ஒரு வகையான மோனோகுளோரமைனும் டிபிடியோடு மெதுவாக வினைபுரிந்து கட்டற்ற குளோரினைக் கூட்டிக் காட்டும். அப்படிப்பட்ட இடத்தில் இரண்டில் எதையும் என் பேச்சை மட்டும் நம்பி வாங்கிவிட வேண்டாம்.