தீராத ஓசிடி: ஆழ்மூளைத் தூண்டலா, காமா நைஃபா?
மாத்திரைக்கும் நடத்தை சிகிச்சைக்கும் அடங்காத ஓசிடிக்கு (வேண்டாத எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் மனநோய்) அறுவை நிபுணர்கள் பலர் முதலில் சொல்வது ஆழ்மூளைத் தூண்டல், அதாவது மூளைக்குள் மின்முனை வைத்து மின்சாரம் செலுத்துவது. மின்சாரத்தை நிறுத்தினால் விளைவும் நிற்கும் என்பதே காரணம். மூளை நரம்பிணைப்புகளை மீளமுடியாதபடி வெட்டிய பழைய லோபாட்டமி அறுவைக்கு 1949இல் நோபல் தந்த வரலாறு அவர்களை இன்னும் உறுத்துகிறது.

ஆனால் திருத்துறைப்பூண்டியிலோ வேதாரண்யத்திலோ இருக்கும் குடும்பத்துக்கு அறுவையைவிட அதற்குப் பிந்தைய அலைச்சல்தான் பெரும்பாடு. மூளையின் இருபுறமும் மின்முனை, காறை எலும்புக்குக் கீழே பேட்டரி. வோல்டேஜைச் சரிப்படுத்தவே மாதக்கணக்கில் பெருநகரத்துக்குப் போய்வர வேண்டும். சில ஆண்டுகளில் பேட்டரி தீரும். கவனிக்காமல் விட்டால் நோய் திடீரெனத் திரும்பும். ஒயர் அறுவதுண்டு. தொற்று பிடித்தால் கருவியையே எடுக்க நேரலாம்.

காமா நைஃப் கேப்சுலாட்டமியில் காமா கதிரைக் குவித்து மூளையின் ஒரு சிறு பகுதியை அழிப்பார்கள்; மண்டையைத் திறப்பதில்லை, உள்ளே கருவியும் இல்லை. பலன் தெரியப் பல மாதமாகும். அழிந்த திசு மீளாது. சிலருக்கு மூளை வீக்கமோ, ஆண்டுகள் கழித்து நீர்க்கட்டியோ வரும். அதனால் எம்ஆர்ஐ கண்காணிப்பு தொடர வேண்டும். ஆனாலும் அடிக்கடி பயணிக்க முடியாதவருக்கு, பழைய அச்சத்தால் இந்த வழியை மறைப்பது நியாயமல்ல.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநோய்க்கான மூளை அறுவைக்கு நோயாளியின் சொந்த ஒப்புதலும் மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதியும் வேண்டும். அப்பா, அம்மா கையெழுத்து மட்டும் போதாது.