திறக்காத கியர்பாக்ஸுக்கு 5,800 ரிங்கிட்: பழைய மெர்சிடிஸ் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

1990களின் இறுதியில் வந்த மெர்சிடிஸ் காரை இன்னும் வைத்து ஓட்டுகிறவர்கள், ‘கியர்பாக்ஸ் போய்விட்டது, முழுவதும் பிரித்துக் கட்ட வேண்டும்’ என்று எந்தப் பட்டறை சொன்னாலும், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுவது நல்லது. சுங்கை சிப்புட்டில் இருக்கும் என்னிடம் பக்கத்துப் பட்டணத்துப் பட்டறை ஒன்று 5,800 ரிங்கிட் வாங்கிக்கொண்டு, கியர்பாக்ஸின் ஒரு போல்ட்டைக்கூடத் தளர்த்தாமல், அடியில் வெள்ளிச் சாயம் மட்டும் அடித்துக் காரைத் திருப்பிக் கொடுத்தது. புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் பட்டறையின் பெயரை எழுதவில்லை. பெயரைவிட, அவர்கள் ஏமாற்றிய விதமும் அதைக் கண்டுபிடிக்கும் வழியும் தெரிந்தால்தான் வேறு பட்டறைகளிலும் தப்பிக்க முடியும்.

கார் 1999ஆம் ஆண்டின் ஈ240, டபிள்யூ210 வகை. தோட்டத்தில் பெரிய கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடமிருந்து வாங்கினேன். பிரேக், முன்சக்கரங்களைத் தாங்கும் கைகளின் மூட்டுகள், ரேடியேட்டர் குழாய்கள், ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் வீட்டு முன்தளத்தில் நானே மாற்றிவருகிறேன். கியர்பாக்ஸை மட்டும் பட்டறைக்கு விட்டதற்குக் காரணம் உண்டு. இந்தக் காரில் இருக்கும் 722.6 என்ற ஐந்து கியர் தானியங்கிப் பெட்டிக்கு, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியையே நிறுவனம் வைக்கவில்லை. குழாய் மட்டும் இருக்கும். அதன் மூடியை ஒரு சிறிய பிளாஸ்டிக் பூட்டு ஊசி அடைத்திருக்கும். கம்பியைத் தனியாக வாங்கி, எண்ணெய் 80 பாகைச் சூட்டில் இருக்கும்போது அளக்க வேண்டும். இந்த எண்ணெயை ஆயுள் முழுவதும் மாற்றத் தேவையில்லை என்று முதலில் அறிவித்த நிறுவனம் பின்னர் அந்த நிலையை மாற்றிக்கொண்டது. ஆனால் அந்த முதல் பேச்சை நம்பியே இன்றும் ஓடுகிற வண்டிகள் நம் பக்கத்தில் ஏராளம்.

கோளாறு தொடங்கியது மெனோரா சுரங்கப்பாதை ஏற்றத்தில். கோலகங்சாரில் நெடுஞ்சாலை ஏறி ஈப்போ நோக்கிப் போகும்போது, என்ஜின் உறுமியதே தவிர வேகம் கூடவில்லை. ஓரம் கட்டி நிறுத்தி மீண்டும் எடுத்தால், வண்டி இரண்டாவது கியரை விட்டு அசையவில்லை. லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துதான் மேலே சேர்ந்தேன். சாவியை அணைத்துச் சிறிது நேரம் பொறுத்து மீண்டும் போட்டதும் எல்லா கியர்களும் ஒழுங்காக விழுந்தன. இந்த அறிகுறியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே உராய்வுத் தட்டுகள் கருகித் தேய்ந்த கியர்பாக்ஸ், சாவியைத் திருப்பியதும் குணமாகாது. கட்டுப்பாட்டுக் கணினிக்கு உணரிகளிடமிருந்து தவறான தகவல் போகும்போது, பெட்டியைக் காப்பாற்றுவதற்காக அது தானே இரண்டாவது கியரில் பூட்டிக்கொள்கிறது.

பட்டறையில் இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். போர்மேன் காரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, “அண்ணே, கியர்பாக்ஸ் கோங் ஆயிருச்சு. இது உள்ளே எரிஞ்ச கேஸ். பிரிச்சுக் கட்டலைன்னா ரோட்டுல நின்னுரும்” என்றார். காரின் கணினியில் பதிவான பிழைக் குறிகளை அச்சிட்டுத் தரும்படி கேட்டதற்கு, அச்சுப்பொறி பழுது என்றார். நம் ஊர்ப்பக்கம் மூன்று முனை நட்சத்திரத்தைப் பார்த்ததும் விலை ஒரு படி ஏறிவிடுவது தெரிந்ததுதான். காரின் இன்றைய விலை என்ன, அதை ஓட்டுகிறவரின் சம்பளம் என்ன என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. பாதிப் பணம் முன்னதாக, மீதி வண்டி எடுக்கும்போது என்று பேசி முடித்தோம்.

வண்டியை எடுக்கப் போனபோது அடிப்பக்கம் பளபளவென்று இருந்தது. ஒரு தட்டில் கருகிய உராய்வுத் தட்டுகள், கிழிந்த ரப்பர் வளையங்கள், பழைய ஃபில்டர் ஒன்று ஆகியவற்றை வைத்துக் காட்டி, “பாருங்கண்ணே, இதெல்லாம் உங்க வண்டியோடதுதான்” என்றார்கள். பழைய சாமான்களைக் கேட்டு வாங்கிக்கொள்வது என் வழக்கம் என்பதால், அவற்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துவந்தேன். அதைத் தர அவர்கள் தயங்கவில்லை என்பதை இப்போது நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. ரசீதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: ‘கியர்பாக்ஸ் ஓவர்ஹால், 1 செட்’. எந்தப் பாகம், எத்தனை, எந்த எண்ணெய், எத்தனை லிட்டர் என்ற விவரம் எதுவும் இல்லை.

சில வாரங்களில் அதே கோளாறு, அதே போல இரண்டாவது கியர். இந்த முறை பட்டறைக்குப் போவதற்கு முன், காரை நான்கு ஸ்டாண்டுகள் மேல் ஏற்றி அடியில் படுத்துப் பார்த்தேன். (ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் காருக்கு அடியில் நுழையாதீர்கள்.)

கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டுமானால் முதலில் அதைக் கீழே இறக்க வேண்டும். இறக்குவதற்குப் புகைக்குழாயைக் கழற்ற வேண்டும், பின்சக்கரத்துக்குப் போகும் தண்டைக் கழற்ற வேண்டும், பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை அவிழ்க்க வேண்டும், கடைசியாக என்ஜினோடு பெட்டியைப் பிணைக்கும் போல்ட்டுகளைச் சுற்றிலும் கழற்ற வேண்டும். இவற்றில் ஒன்றில்கூட ஸ்பேனர் பட்ட தடம் இல்லை. குறுக்குச் சட்டத்துப் போல்ட்டுகளின் தலைகளைச் சுற்றி, தோட்டத்துச் சாலையின் செம்மண் கெட்டியாகப் படிந்து காய்ந்திருந்தது. தண்டின் ரப்பர் இணைப்பில் இருக்கும் நட்டுகளில் பழைய துரு அப்படியே. பெட்டியின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தட்டைப் பிடித்திருக்கும் ஆறு போல்ட்டுகளுக்கு மட்டும் வெள்ளிச் சாயம் அடித்திருந்தார்கள். ஒரு போல்ட்டின் ஓரத்தைச் சிறிய ஸ்குரூடிரைவரால் சுரண்டினேன். சாயம் தகடாக உரிந்து வந்தது, அதன் உட்புறத்தில் செம்மண் ஒட்டியிருந்தது. போல்ட் தலையின் நட்சத்திரக் குழிக்குள்ளும் மண் அடைத்து, அதன்மேல் சாயம். கழற்றி மாட்டிய பிறகுதான் சாயம் அடித்தோம் என்று பின்னர் அவர்கள் வாதாடினார்கள். அப்படியானால் குழிக்குள் மண் இருக்கும்போதே எந்தக் கருவியை நுழைத்து அதைக் கழற்றினார்கள் என்பதற்குப் பதில் வரவில்லை.

அடுத்து மேலே, எண்ணெய் ஊற்றும் குழாயின் மூடி. நான் முன்னே சொன்ன பிளாஸ்டிக் பூட்டு ஊசியை உடைக்காமல் அந்த மூடியைத் திறக்க முடியாது. திறந்தால் புதிய ஊசி போட வேண்டும். என் காரில் இருந்தது சிவப்பு நிறம் வெளுத்து, தொட்டால் பொடியாகும் நிலையில் இருந்த பழைய ஊசி. எண்ணெய் ஊற்றவே இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இருந்தாலும் எண்ணெய்த் தட்டை இறக்கிப் பார்த்தேன். புதிதாக ஊற்றியிருந்தால் சிவப்பாக வரவேண்டிய எண்ணெய், பால் கலக்காத கோப்பி ஓ போல வடிந்தது. தட்டின் அடியில் இரும்புத் துகளைப் பிடித்துவைக்கும் காந்தத்தின் மேல் சாம்பல் நிறச் சேறு ஆண்டுக்கணக்கில் சேர்ந்து கிடந்தது.

கடைசியாகப் பிளாஸ்டிக் பையைத் திறந்தேன். அவர்கள் என் காருடையது என்று கொடுத்த ஃபில்டரில் திருகுகளுக்கான துளைகள் இருந்தன. 722.6 பெட்டியின் ஃபில்டரில் திருகே கிடையாது. அதன் கழுத்தை அழுத்திப் பொருத்தினால் அப்படியே நிற்கும். திருகு வைத்து மாட்டுவது அதற்கு முந்தைய நான்கு கியர் பெட்டியில், அதாவது என் காருக்கு முந்தைய தலைமுறையான டபிள்யூ124 காலத்து வண்டிகளில். வேறு யாரோ ஒருவருடைய பழைய காரின் குப்பையைத்தான் எனக்குக் காட்டியிருக்கிறார்கள். அதே தட்டை இன்னும் எத்தனை பேருக்குக் காட்டினார்களோ தெரியாது.

உண்மையான கோளாறு மிகச் சிறியது. இந்தப் பெட்டியின் வலப்பக்கத்தில் 13 முனைகள் கொண்ட மின்இணைப்பு ஒன்று உண்டு. அது பெட்டிக்குள் நுழையும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் உறையும் அதைச் சுற்றி இரண்டு ரப்பர் வளையங்களும் இருக்கும். ஆண்டுகள் போகப் போக வளையங்கள் இறுகி, எண்ணெய் கசிந்து இணைப்பின் முனைகளில் படியும்; அப்படியே வயர்களுக்குள் ஊறி ஏறி, கட்டுப்பாட்டுக் கணினி வரைக்கும் போய்விடும். இந்தப் பெட்டிக்கு இது ஊரறிந்த நோய். என் காரில் இணைப்பைத் திருகிக் கழற்றியபோது எண்ணெய் சொட்டியது. பட்டறைக்காரர்கள் அதைத் துடைத்துச் சுத்தம் செய்து, பிழைக் குறிகளை அழித்திருக்க வேண்டும். அதனால்தான் சில வாரம் ஓடியது. அந்த உறையை நடுவில் பிடித்திருக்கும் 7 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றைக் கழற்றினால் போதும், புதிய உறை ஏறிவிடும். கணினியின் இணைப்பையும் திறந்து பார்த்தேன். எண்ணெய் அங்கே இன்னும் எட்டவில்லை. எட்டியிருந்தால் வயர்த் தொகுப்பையும் சுத்தம் செய்ய வேண்டி வந்திருக்கும், செலவு கூடியிருக்கும்.

எண்ணெய்த் தட்டை எப்படியும் திறந்துவிட்டதால் ஃபில்டர், கேஸ்கெட் இரண்டையும் மாற்றி, மெர்சிடிஸ் நிறுவனத்தின் எம்பி 236.14 தரமுள்ள எண்ணெயை ஊற்றி, அளவுக் கம்பி வாங்கிச் சூட்டில் அளந்தேன். ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்று விற்கும் மலிவு எண்ணெயை இதில் ஊற்றாதீர்கள். என்ஜினின் சுழற்சியைப் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரின் கிளட்ச் இதில் சிறிது வழுக்கியபடியே இயங்கும்படி அமைந்தது, எண்ணெயின் உராய்வுத் தன்மை மாறினால் வண்டி நடுங்கத் தொடங்கும். தட்டுப் போல்ட்டுகளுக்கு 8 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். கை பலத்தைக் காட்டினால் அலுமினிய மரை கிழியும். எல்லாச் செலவும் சேர்ந்து 700 ரிங்கிட்டைத் தாண்டவில்லை. அதில் பெரும்பங்கு எண்ணெய்க்கே போனது. அதன்பின் மெனோரா ஏற்றத்தில் கியர் பூட்டிக்கொள்ளவில்லை.

படங்களையும் ஃபில்டரையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். முதலில் ‘வாரண்டி இருக்கிறது, வண்டியை விடுங்கள்’ என்றார்கள். பிறகு ‘இது வேறு கோளாறு, சென்சார் பிளேட் மாற்ற 800 ரிங்கிட்’ என்றார்கள். ஃபில்டரை மேசைமேல் வைத்ததும் பையன்கள் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்றார் முதலாளி. போர்மேன் அன்று விடுப்பு. பணத்தைத் திருப்பித் தருவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

எனவே பயனீட்டாளர் உரிமைக் கோரல் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்தேன். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இயங்கும் இத்தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அவசியமில்லை, பொதுவாக அனுமதியும் இல்லை. கோருவதற்கான காரணம் ஏற்பட்டதிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். பட்டறைகள் வாடிக்கையாளருக்கு என்னென்ன விவரங்களைத் தெரிவிக்க வேண்டும் என்பதற்கு 2002ஆம் ஆண்டிலிருந்தே தனி விதிமுறை இருக்கிறது. மனு போய்ச் சேர்ந்த பிறகு முதலாளியே தொலைபேசியில் அழைத்து, பாதிப் பணம் தருகிறேன், மனுவை மீட்டுக்கொள்ளுங்கள் என்றார். மறுத்துவிட்டேன். விசாரணை இனிமேல்தான்.

இதே நிலையில் இருப்பவர்கள், வண்டியைப் பட்டறையில் விடுவதற்கு முன் பெட்டியின் அடிப்பக்கத்தையும் அதில் பொறித்திருக்கும் எண்ணையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று போல்ட்டுகளின் தலைக்கும் பக்கத்து உலோகத்துக்கும் குறுக்காக நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள், கழற்றினால் கோடு முறியும். ரசீதில் பாகங்களைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கிறவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். பெட்டி கீழே இறங்கியிருக்கும் நாளில் நேரில் வந்து பார்க்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நேர்மையான பட்டறைக்காரர் அதற்கு முகம் சுளிக்க மாட்டார், ஈப்போவிலேயே அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், வண்டி இரண்டாவது கியரில் பூட்டிக்கொண்டு, சாவியைத் திருப்பியதும் சரியாகிவிடுகிறது என்றால், அந்த 13 முனை இணைப்பைக் கழற்றி எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு அளவுக் கம்பியை இரவல் தருகிறேன். திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும்.