புது பைக், 14 மாசம், 18,400 கிமீ: ஷாக்கைத் திட்டுறதுக்கு முன்னாடி காத்தைப் பாருங்க

டெலிவரி எடுத்த அன்னிக்கு ஷோரூம்ல இருந்து வீட்டுக்கு எட்டு கிலோமீட்டர்தான். அந்த எட்டு கிலோமீட்டர்லயே எனக்கு மனசு விட்டுப்போச்சு. ரோட்டுல கிடக்கற சின்ன ஜல்லிக்கல்லு கூட நேரா முதுகுத்தண்டுல வந்து அடிக்குது, ஸ்பீட் பிரேக்கர்ல பின்சக்கரம் பந்தாட்டம் எகிறுது, வீட்டுக்கார அம்மா பின்னாடி இருந்துட்டு "ஏங்க, இதுக்கா ஒன்றரை லட்சம் குடுத்தீங்க, நான் பஸ்ல வந்துக்கறேன்"னு மாலை போட்ட வண்டியிலயே சொல்லிட்டாங்க.

வண்டி பேரு சொல்லல, சொன்னா பேச்சு அந்தப் பக்கம் போயிரும். 160 சிசி, முன்னாடி சாதா டெலஸ்கோப்பிக் ஃபோர்க், பின்னாடி ரெண்டு ஷாக், அதுல ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வெக்கற ப்ரீலோடு அஞ்சு ஸ்டெப், டியூப்லெஸ் டயர், முன்னாடி 90/90-17, பின்னாடி 110/80-17. இந்த கிளாஸ்ல இதே மாதிரி வேற வண்டிகளும் இருக்கு, அதனால நான் சொல்றது பெரும்பாலும் உங்க வண்டிக்கும் ஒத்துவரும். நாமக்கல்லுல வீடு, ராசிபுரத்துல வேலை, தினம் போக வர அம்பது கிமீக்கு மேல, அதுல பாதிக்கு மேல நாலுவழிச்சாலை, மிச்சம் சர்வீஸ் ரோடு பள்ளமும் மேடும்.

ஷோரூமுக்கு போன் பண்ணினா "சார் புது வண்டி, ஷாக் செட்டாகணும், ஆயிரம் கிமீ ஓடட்டும்"னாங்க. ஃப்ரெண்ட்ஸ்கிட்ட கேட்டாலும் அதே பதில்தான். சரி செட்டாகட்டும்னு நானும் ஒன்பது நாள் இடுப்புல தைலம் தேச்சுக்கிட்டு ஓட்டினேன். பத்தாவது நாள் எங்க தெரு முனை பஞ்சர் கடை அண்ணன், முப்பது வருஷமா லாரி டயரோட மல்லுக்கட்டினவரு, வண்டிய ஸ்டாண்டு போடறப்பவே பின் டயரை ஒரு அமுக்கு அமுக்கிப் பாத்துட்டு "தம்பி, இது டயரா உரலா?"ன்னாரு. காத்து அளக்கற கேஜ் வெச்சா பின்னாடி 42 பிஎஸ்ஐ (காத்தழுத்தத்தோட அளவு), முன்னாடி 38. செயின் கவர்ல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல என்ன போட்டிருக்குன்னா முன்னாடி 25, பின்னாடி தனியா போனா 28, ரெண்டு பேர் போனா 32. நான் அந்த ஸ்டிக்கரை அதுவரைக்கும் படிக்கவே இல்ல, அது என் தப்புதான்.

அவரு சொன்ன காரணம், ஃபேக்டரில இருந்து லாரில ஏத்தி கயிறு போட்டு இறுக்கிக் கட்டி அனுப்பறப்ப டயர்ல காத்தைத் தூக்கலா வெச்சுத்தான் அனுப்புவாங்க, இங்க வந்து டெலிவரிக்கு முன்னாடி இறக்கணும், அவசரத்துல விட்டுருவாங்க. என் வண்டிலயும் அதுதான் நடந்திருக்கு. டெலிவரி செக்லிஸ்ட்ல "டயர் பிரஷர்"க்கு நேரா டிக் மட்டும் அழகா போட்டிருந்துச்சு.

பின்னாடி 28க்கும் முன்னாடி 25க்கும் இறக்கிட்டு அதே தெருவுல ஒரு ரவுண்டு போனேன், நம்பவே முடியல, வேற வண்டி. ஷாக்ல யாரும் கை வைக்கல, ஒரு போல்ட்டும் தொடல. டயரும் ஒரு ஸ்பிரிங்தான், ரோட்டுல இருக்கற சின்னச் சின்ன சொரசொரப்பெல்லாம் ஷாக் வரைக்கும் வரவே கூடாது, டயரே முழுங்கிரணும், அதுல காத்து தூக்கலா இருந்தா ஷாக்கு எவ்வளவு நல்லதா இருந்தாலும் அடி மேலதான் வரும். அதனால முதல்ல காத்து, ரெண்டாவதுதான் சஸ்பென்ஷன். காத்து சரியில்லாம ஷாக்கைப் பத்தி ஒரு வார்த்தையும் பேசக்கூடாதுன்னு இந்த 14 மாசத்துல முடிவு பண்ணிட்டேன்.

அன்னிக்கே 450 ரூபாய்க்கு ஒரு கேஜ் வாங்கினேன், முள்ளு வெச்சது, பேட்டரி இல்லாதது. ஏன் சொந்த கேஜ்னா, நான் போற ரெண்டு பங்க்லயும் காட்டற நம்பர் ஒன்னோட ஒன்னு நாலு பிஎஸ்ஐ தள்ளி நிக்குது. எது சரின்னு சண்டை போடறதுக்கு பதிலா ஒரே கேஜை நம்பி, அது என்ன காட்டுதோ அதை வெச்சே மாசாமாசம் கம்பேர் பண்ணலாம், பங்க்ல ரெண்டு பிஎஸ்ஐ கூடவே அடிச்சுக்கிட்டு வந்து வீட்டுல இறக்கிக்கலாம். சில பழைய கம்ப்ரஸர்ல கிலோ கணக்குல இருக்கும், 1 கிலோன்னா 14.2 பிஎஸ்ஐ, அப்ப 25ங்கறது 1.75 கிலோ, 28க்கு 2 கிலோ, 32க்கு 2.25 கிலோ.

பாக்கறது காலையில, வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி. இத எல்லாரும் சொல்லுவாங்க, யாரும் செய்யமாட்டாங்க, நானும் முதல் மே மாசம் மாட்டினேன். மத்தியானம் ரெண்டு மணி வெயில்ல ராசிபுரத்துல இருந்து வந்து கேஜ் வெச்சேன், பின்னாடி 32. அடடா கூடிருச்சேன்னு 28க்கு இறக்கினேன், மறுநாள் காலையில பாத்தா 25 கூட இல்ல. டயருக்குள்ள சூடு ஒரு 20 டிகிரி ஏறினாலே மூணு பிஎஸ்ஐ கிட்ட கூடிரும், ஸ்டிக்கர்ல போட்டிருக்கறது ஆறின டயருக்கு, சூட்டுல ஏறப்போறதையும் கணக்குப் பண்ணித்தான் அந்த நம்பரைக் குடுத்திருக்காங்க. சூட்டுல இறக்காதீங்க.

நைட்ரஜன் போடலாமான்னு கேக்கறவங்களுக்கு, நான் ரெண்டு மாசம் போட்டுப் பாத்தேன், எனக்கு வித்தியாசமே தெரியல. சாதா காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். காசு குடுத்தது தண்டம்.

இப்ப ஷாக்குக்கு வருவோம். காத்து சரியானதுக்கு அப்புறமும் பின்னாடி ஏதோ ஒரு கோணல், நேரா போறப்ப தெரியாது, பள்ளத்துல விழுந்து எந்திரிக்கறப்ப இடுப்பை ஒரு பக்கமா தள்ளற மாதிரி. ஒரு ஞாயித்துக்கிழமை வண்டிய கழுவறப்ப குனிஞ்சு பாத்தா இடது ஷாக் ரெண்டாவது ஸ்டெப்ல இருக்கு, வலது ஷாக் நாலாவதுல இருக்கு! ஷாக்ல ப்ரீலோடு மாத்தற வளையம் படிக்கட்டு மாதிரி வெட்டி இருக்கும், உத்துப் பாத்தா யாருக்கும் தெரியும், ஆனா யாரும் பாக்கறதில்ல. ரெண்டையும் ஒரே ஸ்டெப்புக்கு கொண்டுவந்தேன். மெக்கானிக் என்னமோ "பின்சக்கரத்தைப் புடிச்சிருக்கற ஸ்விங் ஆர்ம் கெட்டியா இருக்கும் சார், அதெல்லாம் ஓட்டறப்ப தெரியாது"ன்னாரு. எனக்கு தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு, மனப்பிரமையாவும் இருக்கலாம், ஆனா ரெண்டு பக்கமும் ஒன்னா இருக்கணும்ங்கறதுல மட்டும் அவருக்கும் எனக்கும் ஒரே கருத்துதான்.

ப்ரீலோடு பத்தி ஒரு தப்பான நினைப்பு எனக்கு ரொம்ப நாள் இருந்துச்சு, ஸ்டெப் ஏத்தினா ஸ்பிரிங் கெட்டியாகும்னு. அப்படி இல்ல. ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான், அதை முன்னாடியே கொஞ்சம் அமுக்கி வெக்கறோம் அவ்வளவுதான், அதனால நாம உக்காரறப்ப வண்டி எவ்வளவு கீழ இறங்கும்ங்கறதுதான் மாறும். அந்த இறக்கத்தைத்தான் சாக்னு சொல்றாங்க, மொத்த டிராவல்ல, அதாவது சக்கரம் மேல கீழ போகற முழு தூரத்துல, மூணுல ஒரு பங்கு, இல்ல அதுக்கு கொஞ்சம் கம்மியா இறங்கினா ரோடு வண்டிக்கு சரி. அளக்கறதுக்கு ஒரு இன்ச் டேப்பும் சொன்ன பேச்சு கேக்கற ஒரு மச்சானும் போதும். மெயின் ஸ்டாண்டு போட்டு பின்சக்கரம் அந்தரத்துல இருக்கறப்ப ஆக்ஸில் நட்டுல இருந்து நேர் மேல டெயில் பேனல்ல ஒட்டின டேப் வரைக்கும் அளந்தேன், 520 மிமீ. ஸ்டாண்டை எடுத்துட்டு ஹெல்மெட், பேக் எல்லாத்தோடயும் நான் உக்காந்து, ரெண்டு தடவை குலுக்கி விட்டு, மச்சான் அளந்தப்ப ரெண்டாவது ஸ்டெப்ல 484. அப்ப இறக்கம் 36 மிமீ. என் வண்டிக்கு பின் டிராவல் 115, கணக்கு சரியா வந்துச்சு. நான் 78 கிலோ.

ஆனா அதே ஸ்டெப்ல வீட்டுக்கார அம்மாவும் ஏறினா 65 மிமீ இறங்குது, பாதிக்கு மேல காலி, மிச்சம் இருக்கறதுலதான் எல்லா பள்ளத்தையும் சமாளிக்கணும், அப்புறம் டமார்னு அடிவாங்காம என்ன பண்ணும்? நாலாவது ஸ்டெப்ல வெச்சா 52. ரெண்டு பேர் போறப்ப ராத்திரில எதிர்ல வர்றவன் லைட்டை டிப் பண்ணி டிப் பண்ணி காட்டினா அவனை முறைக்காதீங்க, உங்க வண்டி பின்னாடி உக்காந்து ஹெட்லைட் அவன் கண்ணுல அடிக்குதுன்னு அர்த்தம். ஸ்டெப்பை ஏத்தினா அதுவும் சரியாயிரும். ஸ்டெப் மாத்த சி ஸ்பேனர் (கொக்கி மாதிரி வளைஞ்ச ஸ்பேனர்) வேணும், என் டூல்கிட்ல இருந்துச்சு. வண்டிய மெயின் ஸ்டாண்டுல போட்டுட்டு திருப்புங்க, சக்கரம் தரையில இருந்தா ஸ்பேனர் வழுக்கி கை முட்டி போயிரும், எனக்கு தோல் போச்சு.

இதெல்லாம் எங்க புரிஞ்சதுன்னா கொல்லிமலையில. காரவள்ளில இருந்து மேல 70 கொண்டை ஊசி வளைவு. முதல் தடவை ரெண்டு பேரும் எதையும் மாத்தாம அப்படியே போனோம், பின்னாடி 28, ரெண்டாவது ஸ்டெப். பத்து வளைவு தாண்டறதுக்குள்ள இடது பக்கம் திரும்பறப்பல்லாம் மெயின் ஸ்டாண்டு ரோட்டுல உரசி கரகரன்னு சத்தம், ஹேண்டில் வேற லேசா மிதக்குது, நான் நினைச்ச கோட்டுல வண்டி திரும்பல. ரெண்டாவது தடவை காலையில கிளம்பறப்பவே பின்னாடி 32 அடிச்சு, முன்னாடி 25 அப்படியே விட்டு, நாலாவது ஸ்டெப்ல வெச்சுக்கிட்டுப் போனோம், ஒரு வளைவுல கூட உரசல. மேல போய் ஆறவெச்சுட்டு சும்மா கேஜ் வெச்சுப் பாத்தேன், கிட்டத்தட்ட அதேதான் காட்டுச்சு. உயரம் போகப்போக வெளிக்காத்து லேசாகறதால கேஜ் கூட காட்டணும், மேல குளிரா இருக்கறதால குறைச்சு காட்டணும், ரெண்டும் ஒன்னை ஒன்னு சாப்பிட்டுருது.

முன் ஃபோர்க்குல என் வண்டிக்கு திருப்பறதுக்கு எதுவும் கிடையாது. ஆனா பாக்கறதுக்கு நிறைய இருக்கு. ஃபோர்க் பைப்புல ஒரு சின்ன கேபிள் டைய லூஸா கட்டி சீலுக்கு (ஆயில் வெளிய வராம தடுக்கற ரப்பர்) மேல ஒட்டி விட்டுட்டு ஒரு வாரம் ஓட்டினேன், அது எங்க போய் நிக்குதோ அவ்வளவு தூரம் ஃபோர்க் அமுங்கியிருக்குன்னு அர்த்தம், முழுசா கடைசி வரைக்கும் போகல, ஒரு ரெண்டு விரக்கடை மிச்சம் இருந்துச்சு, திருப்தி. முன் பிரேக்கைப் புடிச்சுக்கிட்டு வண்டிய முன்னும் பின்னும் ஆட்டறப்ப டொக்குன்னு கேட்டா உடனே ஃபோர்க்குதான்னு முடிவு பண்ணாதீங்க, ஹேண்டிலுக்குக் கீழ கோன்செட் (ஹேண்டில் திரும்பற பேரிங்) இருக்கற இடத்துல விரலை வெச்சுக்கிட்டு ஆட்டுங்க, அங்க அசைவு தெரிஞ்சா கோன்செட் லூஸ். எனக்கு முதல் சர்வீஸ்லயே அது இருந்துச்சு, டைட் வெச்சாங்க, போச்சு. பின்னாடி சீட்டை பலமா அமுக்கி விட்டா ஒரே தடவைல எந்திரிச்சு நிக்கணும், ஊஞ்சலாட்டம் ரெண்டு மூணு தடவை ஆடினா ஷாக்ல டேம்பிங், அதாவது ஆட்டத்தை அடக்கற சக்தி, போச்சு.

ஷோரூம்காரங்க சொன்ன "செட்டாகும்"ங்கறது முழுப் பொய்யும் இல்ல, அதையும் சொல்லணும். முதல் 700, 800 கிமீ வரைக்கும் ஃபோர்க் சீல் புதுசா இறுக்கமா இருந்து மெல்லமா ஓடிறங்கும்போது முன்பக்கம் கொஞ்சம் இளகினது உண்மை. ஆனா அது பத்துல ஒரு பங்கு, மிச்ச ஒன்பது பங்கு காத்து.

14,000 கிமீல இடது ஃபோர்க்ல ஆயில் லீக். பைப்புல எண்ணெய் வளையம் மாதிரி, அதுல மண்ணு ஒட்டிக்கிட்டு. மழைக்காலத்துல சேறு தெறிச்சு காஞ்சு, அதோடவே நான் ஓட்டிக்கிட்டே இருந்திருக்கேன், அந்த மண்ணு சீலோட உதட்டை அறுத்திருக்கு. மெல்லிசான பிளாஸ்டிக் பட்டையை உள்ள விட்டு சுத்தினா சில சமயம் மண்ணு வெளிய வந்து லீக் நின்னுரும்னாங்க, பண்ணினேன், நாலு நாள் நின்னுச்சு, அஞ்சாம் நாள் மறுபடி. கடைசில ரெண்டு பக்கமும் சீல் மாத்தி ஆயில் மாத்தி 900 சொச்சம். இப்ப வண்டி கழுவறனோ இல்லயோ ஃபோர்க் பைப்பை மட்டும் ஈரத்துணியால துடைச்சிருவேன்.

இடையில ஒரு மாசம் பின் டயர் வாரத்துக்கு அஞ்சு பிஎஸ்ஐ இறங்கிச்சு, சாதாரணமா எனக்கு மாசத்துக்கே ரெண்டுதான் இறங்கும். ஆணி தேடினேன் இல்ல, ரிம்ல சோப்பு தண்ணி ஊத்தினேன் ஒன்னுமில்ல, பஞ்சர் கடை அண்ணன் வால்வு வாயில எச்சில் தொட்டு வெச்சாரு, பொக்குன்னு ஒரு குமிழ். வால்வுக்குள்ள இருக்கற ஊசி லூஸு. முறுக்கி விட்டாரு, காசு வாங்கல, டீ வாங்கிக் குடுத்தேன்.

இப்ப 18,400. முன் டயர் இன்னும் நல்லா இருக்கு. பின் டயர் நடுவுலயும் ஓரத்துலயும் சமமாவே தேஞ்சிருக்கு, காத்து கூட இருந்திருந்தா நடு மட்டும் மொட்டையாகியிருக்கும், குறைவா இருந்திருந்தா ரெண்டு ஓரமும் போயிருக்கும். டயர் காடிக்குள்ள இருக்கற தேய்மான மேடு கிட்ட வந்திருச்சு, மழைக்கு முன்னாடி மாத்தணும். அகலமா 120 போடுன்னு ஆபீஸ்ல ஒருத்தன் நச்சரிக்கறான், நான் அதே 110தான் போடப்போறேன், வாங்கறப்ப பக்கவாட்டுல இருக்கற நாலு நம்பரைப் பாத்துத்தான் வாங்குவேன், முதல் ரெண்டு நம்பர் தயாரிச்ச வாரம், அடுத்த ரெண்டு நம்பர் தயாரிச்ச வருஷம், ரெண்டு வருஷம் குடோன்ல கிடந்த டயரை என் தலையில கட்ட விடமாட்டேன். மாட்டறப்ப டயரோட ஓரம் (பீடு) ரிம்ல உக்காரறதுக்காக கடையில எப்படியும் 40 கிட்ட அடிப்பாங்க, முதல் நூறு கிமீ டயர் வேற வழவழன்னு இருக்கும். கேஜ் டேங்க் பேக்லயே கிடக்குது, கடை வாசல்லயே இறக்கிட்டுத்தான் வண்டிய எடுப்பேன்.