ரோக் போன் 8, ரெட்மேஜிக் 9 புரோ: தோட்டப்புற வெயிலுக்கும் மழைக்கும் எது ஏற்றது?

விளையாட்டுக்கென்றே வடிவமைக்கப்பட்ட கைப்பேசிகளில், அசுஸ் நிறுவனத்தின் ரோக் போன் 8-உம் நூபியாவின் ரெட்மேஜிக் 9 புரோவும் ஏறக்குறைய ஒரே காலத்தில், அதாவது 2023-இன் இறுதிக்கும் 2024-இன் தொடக்கத்துக்கும் இடையில், சந்தைக்கு வந்தவை. இரண்டுக்குள்ளும் இருப்பது குவால்காமின் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 3 என்ற ஒரே சில்லுதான். எனவே எது வேகமானது என்ற கேள்வியை வைத்து இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முயல்வது வீண் வேலை. அந்த வேகம் உண்டாக்கும் வெப்பத்தை எந்தக் கைப்பேசி எப்படி வெளியேற்றுகிறது, மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப் பட்டணத்தில் அதை வைத்திருப்பவருடைய அன்றாட வாழ்க்கைக்கு எது தாக்குப்பிடிக்கும் என்பவையே பார்க்க வேண்டியவை.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் விளையாடுவது, ஐவர் அணிகள் மோதும் மொபைல் லெஜண்ட்ஸ். கோலாலம்பூரில் 2024-இல் அந்த விளையாட்டின் எம்6 உலக வெற்றியாளர் போட்டி நடந்ததும், அதே ஆண்டில் ரியாத்தில் மலேசியாவின் சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் அணி எம்எஸ்சி என்ற பன்னாட்டுக் கிண்ணப் போட்டியின் இறுதியாட்டத்தில் பிலிப்பீன்ஸின் ஃபால்கன்ஸ் ஏபி பிரென் அணியை 4-3 என்று வீழ்த்தியதும், மின்விளையாட்டை வெறும் பொழுதுபோக்கென்று தள்ளிவிட முடியாத நிலைக்குக் கொண்டுவந்துவிட்டன. ஆயினும் மொபைல் லெஜண்ட்ஸ் கைப்பேசியிடம் அதிகம் கேட்கும் விளையாட்டு அன்று. ஆயிரம் ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் நடுத்தரக் கைப்பேசியிலேயே அதைச் சிக்கலின்றி ஆடலாம். அதை மட்டுமே ஆடுபவர் இந்த இரண்டையும் வாங்க வேண்டிய தேவையே இல்லை என்பது என் கருத்து. கென்ஷின் இம்பாக்ட் போன்ற கனமான விளையாட்டுகளை நீண்ட நேரம் ஆடுபவர்களுக்கும், பப்ஜி மொபைலில் விரல் வேகத்தை நம்பி இருப்பவர்களுக்கும்தான் மேற்கொண்டு வரும் செய்திகள் பயன்படும்.

வெப்பத்திலிருந்து தொடங்குவோம். கைப்பேசியின் சில்லு முழு வேகத்தில் உழைக்கும்போது சூடேறுகிறது. குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும், தன்னைக் காத்துக்கொள்ள அதுவே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. முதல் பத்து நிமிடம் வழுக்கிக்கொண்டு ஓடிய விளையாட்டு அரை மணி நேரத்தில் தடுக்கித் தடுக்கி ஓடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். குளிரூட்டிய அறையில் அமர்ந்து சோதித்தவர்கள் தரும் எண்களை, தகரக் கூரை வேய்ந்த வீட்டில் பிற்பகல் மூன்று மணிக்கு ஆடுபவர் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சுற்றியிருக்கும் காற்றே 33 டிகிரி இருக்கும்போது, உள்ளிருக்கும் வெப்பம் வெளியேறுவதற்கான இடைவெளி அந்த அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

ரெட்மேஜிக் 9 புரோ இதற்குக் கையாளும் வழி நேரடியானது. நிமிடத்துக்கு 22,000 சுற்று வரை சுழலும் சிறிய விசிறி ஒன்று கைப்பேசிக்குள்ளேயே இருக்கிறது. அது பக்கவாட்டுத் துளைகளின் வழியே காற்றை இழுத்துத் தள்ளுகிறது. தனியாக எதையும் வாங்கவோ மாட்டவோ தேவையில்லை, பெட்டியைப் பிரித்த நாளிலேயே முழுக் குளிர்ச்சியும் கைக்கு வந்துவிடுகிறது. ஆனால், மேசை விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை, இருக்கும் காற்றைத்தான் நகர்த்துகிறது, இதுவும் அப்படியே. அறை எவ்வளவு சூடோ அதற்குக் கீழே இந்த விசிறியால் கைப்பேசியைக் கொண்டுபோக முடியாது. அமைதியான இரவில் அதன் இரைச்சலும் காதில் விழும். பக்கத்தில் தூங்குபவர் முணுமுணுக்க அது போதும்.

ரோக் போன் 8-க்குள் விசிறி கிடையாது. வெப்பத்தை உடல் முழுவதும் பரப்பி விடும் அமைப்பை மட்டும் உள்ளே வைத்துவிட்டு, கூடுதல் குளிர்ச்சி வேண்டுவோருக்காக ஏரோஆக்டிவ் கூலர் எக்ஸ் என்ற, கைப்பேசியின் முதுகில் மாட்டும் கருவியை அசுஸ் தனியாக விற்கிறது. அந்தக் கருவியில் விசிறியோடு, மின்சாரத்தால் ஒரு பக்கத்தைக் குளிர்விக்கும் பெல்டியர் தகடும் உண்டு. ஆகவே வெறும் விசிறியால் முடியாததை, அதாவது சுற்றுக்காற்றைவிடக் குறைந்த வெப்பநிலைக்குக் கைப்பேசியின் முதுகைக் கொண்டுவருவதை, இதனால் செய்ய முடியும். நம் ஊர் ஈரப்பதத்தில் அதற்கும் ஓர் எல்லை உண்டு. 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று, சுமார் 26 டிகிரியில் இருக்கும் பரப்பைத் தொட்டாலே அங்கு நீர் துளிர்க்கத் தொடங்கிவிடும். குளிர்ந்த நீர்ப் போத்தலின் வெளிப்புறம் வியர்ப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். எனவே இந்தக் கருவியை எந்நேரமும் உச்சத்தில் ஓட விடுவது நம் தட்பவெப்பத்துக்கு ஏற்ற பழக்கம் அன்று. நடுத்தர அளவில் வைத்து ஆடினாலே போதும்.

கருவி இல்லாத ரோக் போன் 8-ஐயும் அப்படியே உள்ள ரெட்மேஜிக் 9 புரோவையும் அருகருகே வைத்தால், நெடுநேர ஆட்டத்துக்கு ரெட்மேஜிக்கே பொருத்தமானது என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. கருவியோடு வைத்துப் பார்த்தால் ரோக் போன் முந்தலாம். அப்போது அதன் விலையும் எடையும் கூடுகின்றன. சட்டைப்பையில் வைக்க முடியாத ஒரு பொருளைக் கூடவே தூக்கிக்கொண்டு திரியவும் வேண்டும். விளையாட்டையே முதன்மையாக எண்ணி வாங்கும் கைப்பேசியின் முக்கியமான பலம் பெட்டிக்கு வெளியே தனிப்பொருளாக விற்கப்படுவது எனக்கு அவ்வளவாக உவப்பில்லை.

மின்கலத்திலும் ரெட்மேஜிக் முன்னே நிற்கிறது. அதில் 6,500 மில்லி ஆம்பியர் மணி மின்கலமும் 80 வாட் மின்னேற்றமும் உள்ளன. ரோக் போனில் 5,500-உம் 65 வாட்டும் உள்ளன. இத்தனைக்கும் எடை முறையே 229 கிராம், 225 கிராம் என்று கிட்டத்தட்ட ஒன்றுதான். கம்பியில்லாத மின்னேற்றம் ரோக் போனில் மட்டும் உண்டு. ஆடும்போது மின்கலத்தைத் தொடாமல் மின்சாரத்தை நேரே கைப்பேசிக்குக் கொடுக்கும் வசதி இரண்டிலுமே இருக்கிறது. இலித்தியம் மின்கலத்துக்கு வெப்பமே முதல் எதிரி என்பதால், செருகிக்கொண்டே ஆடும் பழக்கமுள்ளவர்கள் அந்த வசதியை மறவாமல் இயக்கிக்கொள்ள வேண்டும். ரோக் போனின் நீண்ட பக்கத்தில் இன்னொரு செருகுவாயும் இருப்பதால், கைப்பேசியைக் குறுக்காகப் பிடித்து ஆடும்போது கம்பி உள்ளங்கையில் இடிக்காது. சிறிய ஏற்பாடுதான், ஆனால் பயன்படுத்திப் பார்த்தவர் அதை விட்டுக்கொடுக்க மாட்டார். எந்தக் கைப்பேசியாக இருந்தாலும், மாலையில் மேற்கே கருத்துக்கொண்டு இடி இறங்கும் நேரத்தில் அதைச் சுவரில் செருகியபடி ஆடுவது வேண்டாத துணிச்சல். உலகில் மின்னல் மிகுந்து விழும் பகுதிகளில் தீபகற்ப மலேசியாவும் ஒன்று.

மழை என்று வந்ததும் தராசு மறுபக்கம் சாய்கிறது. ரோக் போன் 8-க்கு ஐபி68 தரச்சான்று உண்டு. தூசி உள்ளே புகாது, குறிப்பிட்ட ஆழத்துக்குள் நீரில் விழுந்தாலும் தாங்கும். ரெட்மேஜிக் 9 புரோவுக்கு அப்படிப்பட்ட சான்று எதுவும் இல்லை. காற்று போய்வரத் துளைகள் வைத்த கைப்பேசியில் அதைத் தருவது எளிதும் அன்று. தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வரும் இளைஞருடைய கைப்பேசி, ஒரே நாளில் செம்மண் புழுதியையும் மழையையும் பார்த்துவிடும். காய்ந்த நாள்களில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று முன்னால் போனாலே சட்டையின் நிறம் மாறிவிடுகிறது. அந்தப் புழுதி விசிறித் துளையில் படியாமல் இருக்காது. மழைக்கு ஒரு நெகிழிப் பையாவது இருக்கிறது, புழுதிக்கு அப்படி எளிய மாற்று கிடையாது.

குறுக்காகப் பிடிக்கும்போது மேல் விளிம்பில் வரும் தோள் விசைகள் இரண்டிலும் உள்ளன. இவை அழுந்தும் பொத்தான்கள் அல்ல, விரல் தொடுவதை உணரும் பட்டைகள். வியர்த்த கட்டைவிரல் திரையில் வழுக்கும்போது, சுடுவதையும் குறிபார்ப்பதையும் ஆள்காட்டி விரல்களுக்கு ஒப்படைத்துவிடலாம் என்பதால் பப்ஜி ஆடுபவர்களுக்கு இது பெரிய ஆதாயம். மொபைல் லெஜண்ட்ஸில் அந்த அளவுக்குப் பயன் தராது. போட்டிகளில் கலந்துகொள்பவர், இத்தகைய விசைகளுக்கு அனுமதி உண்டா என்று நடத்துபவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. காதொலிப்பானுக்கான 3.5 மில்லிமீட்டர் செருகுவாயும் இரண்டிலும் இருக்கிறது. புளூடூத்தில் ஒலி சற்றுப் பிந்தி வருவதால், எதிரியின் காலடி ஓசையைக் கேட்டு ஆடுபவருக்குப் பத்து ரிங்கிட் கம்பிக் காதொலிப்பானே மேல்.

திரையைப் பற்றி நிறையச் சொல்வதற்கில்லை. ரோக் போனின் 6.78 அங்குலத் திரை 165 ஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு 165 முறை வரை, படத்தைப் புதுப்பிக்கும், ரெட்மேஜிக்கின் 6.8 அங்குலத் திரை 120 ஹெர்ட்ஸ். பெரும்பாலான விளையாட்டுகள் 120-ஐத் தாண்டிப் போவதில்லை என்பதால் இந்த வேறுபாடு விளம்பரத்துக்கே அதிகம் உதவுகிறது. நண்பகல் வெயிலில் ரோக் போனின் திரை கூடுதல் ஒளியோடு தெரியும். ரெட்மேஜிக்கில் முன்பக்க ஒளிப்படக்கருவி திரைக்கு அடியில் மறைந்திருப்பதால், துளையோ வெட்டோ இல்லாத முழுத்திரை கிடைக்கிறது. அதற்குக் கொடுக்கும் விலை, மங்கலான முகம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளையோடு அம்மா தினமும் காணொளியில் பேசும் வீடாக இருந்தால், இதைப் பொருட்படுத்தாமல் இருக்க முடியாது. பின்பக்கத்திலும் ரோக் போனே மேல்: அதிர்வைத் தாங்கிக்கொள்ளும் கிம்பல் அமைப்புடைய 50 மெகாபிக்சல் முதன்மைக் கருவியும் மூன்று மடங்கு தொலைவுப் படக்கருவியும் அதில் உள்ளன. தைப்பூச இரவில் காவடியைக் கூட்டத்துக்குப் பின்னால் நின்று எடுக்க வேண்டுமென்றால் இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்.

இந்த இரண்டில் எதை வாங்கினாலும் தீராத குறை ஒன்று உண்டு. அது இணைய இணைப்பு. கோபுரத்துக்குத் தொலைவில், செம்பனை மரங்களுக்கு நடுவே இருக்கும் லயத்து வீட்டில் 5ஜி-யின் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை வலுவிழந்துவிடும். இணைப்பின் தாமதத்தைக் குறித்து விளையாட்டின் மூலையில் காட்டும் பிங் எண் சிவப்பாகவே இருக்குமானால், ஸ்னாப்டிராகனால் ஒன்றும் செய்ய முடியாது. அப்படிப்பட்ட வீட்டில், கைப்பேசிக்கென்று ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை முதலில் நல்ல இணைப்புக்குச் செலவிடுவதே முறை.

அறிமுகமானபோது அமெரிக்கச் சந்தையில் ரெட்மேஜிக் 9 புரோவின் தொடக்க விலை 649 டாலராக இருந்தது. ரோக் போன் 8-இன் அறிமுக விலை 1,099 டாலர். இங்குள்ள விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறினாலும், இரண்டுக்கும் இடையிலான தொலைவைப் புரிந்துகொள்ள இந்த எண்கள் போதும். 2025 பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டை அளவாகக் கொண்டால், மலிவான ரெட்மேஜிக்கே ஒன்றரை மாத உழைப்பைத் தாண்டுகிறது. தவணையில் வாங்குபவர்கள், மாதத் தொகையை மட்டும் பார்க்காமல் மொத்தத்தையும் ஒருமுறை கூட்டிப் பார்க்க வேண்டும். பராமரிப்பைப் பொறுத்தவரை, அசுஸ் இந்நாட்டில் நெடுநாளாகக் கணினி விற்றுவரும் நிறுவனம் என்பதால் பழுது பார்க்க வழி தெரியும். மென்பொருளுக்கும் இரண்டு ஆண்ட்ராய்டு மேம்பாடுகளும் நான்காண்டுப் பாதுகாப்புத் திருத்தங்களும் தருவதாக அது அறிவித்திருக்கிறது. ரெட்மேஜிக்கை இணைய அங்காடியில் வாங்குபவர், அது ஏப்பி செட்டா (உற்பத்தியாளரின் முறையான விற்பனை வழியில் வராமல் இறக்குமதியானதா), மலேசியத் தர நிறுவனமான சிரிமின் முத்திரை உள்ள உள்நாட்டுச் செட்டா, உத்தரவாதம் மலேசியாவிலேயே செல்லுமா என்பவற்றைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

வேலைக்கும் வீட்டுக்கும் வேறொரு கைப்பேசி இருந்து, இதை வீட்டில் அமர்ந்து விளையாடுவதற்கென்றே வாங்குபவருக்கு நான் ரெட்மேஜிக் 9 புரோவையே சொல்வேன். ஒரே கைப்பேசிதான், அதுவே மோட்டார் சைக்கிளில் மழையில் நனையவும் வங்கிக் கணக்கைப் பார்க்கவும் குடும்பப் படம் எடுக்கவும் வேண்டும் என்றால், ரோக் போன் 8-ஐக் குளிர்விக்கும் கருவி இல்லாமல் முதலில் வாங்கிக்கொண்டு, கருவி தேவையா என்பதைப் பிறகு முடிவு செய்யலாம். புதியதற்குப் பணம் எட்டாதவர்கள், ஈப்போவிலோ கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவிலோ பழையதைத் தேடலாம். அங்கே ரெட்மேஜிக்கைப் பார்க்கும்போது, விசிறியை உச்சத்தில் ஓட விட்டுக் காதருகே வைத்துக் கேட்க வேண்டும். கரகரவென்று உரசும் ஒலி வந்தாலோ, ஒரு பக்கத் துளையில் காற்று வராமல் இருந்தாலோ, விலை எவ்வளவு இறங்கினாலும் அதை வாங்க வேண்டாம். ரோக் போனில் இரண்டு செருகுவாய்களிலும் மின்னேற்றியைத் தனித்தனியே செருகிப் பார்க்க வேண்டும். பக்கவாட்டுச் செருகுவாய் பழுதாகியிருந்தால், குளிர்விக்கும் கருவியை அதில் ஒருபோதும் இயக்க முடியாது.