ஆறு வருஷமாக நான் கலக்கும் மாடி மண்ணும், அதில் தீராத ஒரே உப்புத் தொல்லையும்

அலுவலகத் தோழி ஒருத்தி போன வாரம் எங்கள் மாடித் தோட்டத்துக்கு வந்திருந்தாள். கத்தரிப் பையில் கையை விட்டு மண்ணை அள்ளிப் பார்த்துவிட்டு, "கடைக் கலவை மாதிரியே இல்லையே, இதை எப்படிக் கலக்குறேன்னு எழுதிக் கொடு, இந்த ஆடிக்கு நானும் 10 பை வைக்கப் போறேன்" என்றாள். இரண்டு வரியில் முடிகிற விஷயம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். அந்த இரண்டு வரியில் கோகோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள், என்ற சொல் வந்ததும் கை நின்றுவிட்டது. 2019 தொடக்கத்திலிருந்து இந்தக் கலவையைப் பயன்படுத்துகிறேன். இதைவிட நல்ல கலவை எனக்குக் கிடைத்ததில்லை. இதைப் போல என்னை அழவைத்ததும் வேறொன்றில்லை.

அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். நனைத்து உதிர்த்த கோகோபீட் 2 பங்கு, செம்மண் 1 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு, அரைக் கைப்பிடி எலும்புத்தூள். டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையை மட்கிய சாணி எருவில் கலந்து மேலே தூவி, நிழலில் சாக்குப் போட்டு மூடி 15 நாள் விட்டுவிடுவேன். ஈரம் புட்டு மாவுப் பதத்தில் இருக்க வேண்டும். பிடித்தால் பிடிபடணும், விரலால் தொட்டால் உதிரணும். மண்புழு உரத்தை ஆசைப்பட்டு அதிகம் போட வேண்டாம், அதிலும் உப்பு உண்டு. மாடித் தோட்டம் வைக்கிறவர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். 12 அங்குலப் பையில் வெறும் செம்மண்ணைப் போட்டு நனைத்தால் என்னால் அசைக்கக்கூட முடியாது. இந்தக் கலவை நிரம்பிய பையை, தண்ணீர் ஊற்றிய மறுநாள்கூட, தனி ஆளாகத் தூக்கி நிழலுக்கு மாற்றுகிறேன். மே மாத வெயிலில் ஒரு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் செடி தாங்குகிறது. வேர் விஷயம் இன்னும் அழகு. ஒரு கத்தரியைப் பிடுங்கி உதறினால் பை முழுக்க வெள்ளை வேர், பஞ்சு மாதிரி, ஒரு மூலை பாக்கியில்லாமல் ஓடியிருக்கும். ஒவ்வொரு பட்டம் முடிந்ததும் மண்ணைத் தார்ப்பாயில் கொட்டி, வேரைப் பொறுக்கி, வெயில் காட்டி, கொஞ்சம் எரு சேர்த்து மறுபடி நிரப்புகிறேன். பழைய மண்தான் புது மண்ணைவிட நன்றாக வருகிறது. என் மாடியில் மிகச் சிறந்த இரண்டு பைகளில் இருப்பது 2019 மண்.

அந்த 2019 மண்தான் என்னை முதலில் ஏமாற்றியதும். அந்த ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய காய்ந்து, சென்னையே லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தது. அழுத்திய 5 கிலோ கோகோபீட் கட்டி ஒன்றை நனைக்கவே 20-25 லிட்டர் வேண்டும். அது ஊறிப் பெருத்து 60, 70 லிட்டர் ஆகிவிடும். அதிலுள்ள உப்பைக் கழுவுவதென்றால் ஒரு கழுவலுக்கு 40 லிட்டர், குறைந்தது மூன்று கழுவல். குடிக்கத் தண்ணீர் இல்லாத மாதத்தில் நார்த்தூளைக் கழுவ எனக்கு மனசு வரவில்லை. நனைத்தேன், கலந்தேன், நட்டேன். மூன்றாம் வாரம் தக்காளி இலையின் ஓரமெல்லாம் தீய்ந்தது போலக் காய்ந்தது. அதையும் தாண்டிக் காய்த்தபோது, பச்சைக் காயைத் திருப்பிப் பார்த்தால் அடியில் கறுப்பு வட்டம், தோல் மாதிரி அழுந்தி, தொட்டால் உள்ளே போகிறது. 14 செடி. ஒரு காய்கூட முழுசாக வீட்டுக்குள் போகவில்லை.

தென்னை மரம் பொட்டாசியத்தையும் குளோரைடையும் விரும்பி எடுக்கிற மரம். அதெல்லாம் தேங்காய் மட்டையில் தங்கும். மட்டையை உப்பங்கழியில் ஊறப்போட்டு நார் எடுத்தால் சோடியமும் சேரும். பொள்ளாச்சிப் பக்கம் ஆலைகளில் குவித்து வைத்திருக்கும் நார்க்கழிவு, மழையில் நனைந்து நனைந்து உப்புப் போனால் நல்ல சரக்கு. அவசரத்தில் அப்படியே கட்டியாக அழுத்திவிட்டால் உப்பும் சேர்ந்தே நம் வீட்டுக்கு வரும். இது யாரும் கலப்படம் செய்ததில்லை, பொருளின் இயல்பு. அதனால் கோபப்படக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொள்வேன்.

ஆனால் கோபம் வருகிறதே. 'கழுவியது, உப்புக் குறைந்தது' என்று உறையில் அச்சடித்து, கட்டிக்கு அறுபது ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு அனுப்புகிறார்கள். அடுத்த வருஷம், ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கினேன். கழுவிய கட்டி என்று வந்ததை நனைத்து, பிழிந்த தண்ணீரில் மீட்டரை விட்டால் 2,100 காட்டுகிறது. எங்கள் மேடவாக்கம் போர் தண்ணீரே 1,100. உப்பைக் கழுவ உப்புத் தண்ணீர்! கஞ்சி நிறத்தில் ஆரம்பித்து டிகாஷன் நிறத்தில் ஓடும் அந்தத் தண்ணீர் தட்டோட்டில் விட்ட பழுப்புக் கறையை இன்னும் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். விற்ற இரண்டு பேரிடம் புகார் சொன்னேன். ஒருவர் வேறு கட்டி அனுப்பினார். அதில் 1,900.

மூன்று முறை கழுவியும் தக்காளியின் அடிக் கறுப்பு முழுசாகப் போகவில்லை. முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டேன், அது கரைவதற்குள் செடியின் ஆயுளே முடிந்துவிடும். திண்டிவனம் பக்கத்தில் கடலை போடும் என் அத்தைதான் 2021-இல் போனில் வழி சொன்னார். "ஏன்டி, பொக்கு விழாம காய் கட்டணும்னு கடலைக்கு ஜிப்சம் போடுறோமே, தக்காளிக்கும் காய்தானே, போட்டுப் பாரேன்." அப்புறம் படித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. நார்த்துகளின் மேல் சோடியமும் பொட்டாசியமும் ஒட்டிப் பிடித்திருக்கும். வெறும் தண்ணீர் மிதக்கிற உப்பைத்தான் எடுத்துப் போகும், ஒட்டியிருப்பதைத் தொடாது. நாம் போடும் ஜிப்சத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், வந்து அதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தானே உட்கார்ந்துகொள்ளும். முன்கூட்டியே அதைப் போடாவிட்டால், செடிக்குப் போக வேண்டிய கால்சியத்தை நார் முதலில் எடுத்துக்கொள்கிறது. காயின் அடி கறுக்கிறது.

இப்போது இரண்டு கழுவலுக்குப் பிறகு, 50 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் ஜிப்சம் கலக்கி ஒரு ராத்திரி ஊறவைக்கிறேன். லிட்டருக்கு 2 கிராம் அளவுக்குத்தான் அது கரையும், அதிகம் போட்டால் அடியில் தங்கிவிடும். காலையில் வடித்து ஒரு அலசு. வாங்கும்போது சுரங்கத்தில் தோண்டிய ஜிப்சமா என்று கேளுங்கள். உர ஆலைக் கழிவாக வருவதும் ஜிப்சம் என்றே விற்கப்படுகிறது, இயற்கை முறையில் வளர்க்கிறவர்களுக்கு அது வேண்டாம். அந்த 2021 தக்காளியில் கறுப்பு விழுந்தது ஐந்தாறு காய்தான். அத்தைக்கு ஒரு கூடை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில்தான் இன்னொரு பாடம். உடைத்து நனைத்த இரண்டு கட்டித் தூளை வெங்காயச் சாக்கில் போட்டு மாடியில் வைத்திருந்தேன், உள்ளே எடுத்து வைக்க நேரமில்லை. இரண்டு நாள் கொட்டிய மழையில் அது அங்கேயே கிடந்தது. வாரம் கழித்து ஒரு பிடி அள்ளி மழைத்தண்ணீரில் பிழிந்து பார்த்தால் மீட்டர் 140. என் கண்ணை நம்பாமல் மூன்று முறை பார்த்தேன். மீட்டர் வாங்கியதிலிருந்து எந்தக் கட்டியும் என் கையால் இந்த அளவுக்கு இறங்கியதில்லை. அந்தத் தைப் பட்டத்தில் வந்த தக்காளியை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது. அன்றிலிருந்து அக்டோபரில் கட்டியை உடைத்து, உள்ளே பழைய பருத்திப் புடவை விரித்த வெங்காயச் சாக்கில் போட்டு மழைக்குக் கொடுத்துவிடுகிறேன். புடவை இல்லாவிட்டால் பொடித்தூள் முழுக்க ஓடிவிடும்.

இப்போது ஜூன். தோழிக்கு வேண்டியது ஆடிக்கு. 10 பைக்கு இரண்டு மூன்று கட்டி, கட்டிக்கு 150 லிட்டருக்கு மேல் தண்ணீர், அதுவும் அவள் வீட்டில் வாரம் இரண்டு லாரி. இத்தனை புகழ்ந்த பிறகும் அவளுக்கு நான் எழுதியது இதுதான்: இந்தக் கலவையை இப்போது செய்யாதே. கழுவியது என்று எழுதியிருந்தாலும் நம்பிக் கட்டி வாங்காதே. செம்மண்ணும் மட்கிய எருவும் சரிக்குச் சரி கலந்து, கொஞ்சம் மணல் சேர்த்து, ஆழமில்லாத பையில் கீரையும் கொத்தவரையும் போடு. தூக்கக் கனமாக இருக்கும், பரவாயில்லை.

அவளுக்கு வருத்தம்தான். "அப்போ தக்காளி?" என்று கேட்டாள். அக்டோபருக்கு நான்கு வெங்காயச் சாக்கும் இரண்டு பழைய புடவையும் அவளுக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.