செயலியா, வாட்ஸ்அப்பா? இளம்பிள்ளைப் புடவை விற்றவளின் கணக்கு

எங்கள் வீட்டு பீரோவின் கீழ்த்தட்டில் பதினோரு புடவைகள் இருக்கின்றன. எதையும் நான் கட்டுவதற்காக வாங்கவில்லை. எல்லாம் விற்பனைக்குப் போய்த் திரும்பி வந்தவை. ஒன்றில் ஃபால்ஸ் அடித்துப் பிரித்த ஊசித் தடம் வரிசையாகத் தெரியும். இன்னொன்றின் முந்தியில் மஞ்சள் கறை. மற்றவற்றில் குறை ஒன்றும் இல்லை, மடிப்பு மட்டும்தான் போய்விட்டது. அந்த மடிப்பில்தான் முழு விஷயமும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சேலத்தில் குகை என்ற பகுதியில் இருந்துகொண்டு நாலு வருடமாகப் புடவை விற்கிறேன். முதல் இரண்டு வருடம் பெரும்பாலும் ஆன்லைன் விற்பனைச் செயலியில். அடுத்த இரண்டு வருடம் பெரும்பாலும் வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் வழியாக நேரடியாக. சரக்கு இரண்டுக்கும் ஒன்றுதான், பக்கத்து ஊரான இளம்பிள்ளையின் விசைத்தறிப் புடவை. சாதா டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் கஞ்சமலைப் பக்கம் இருக்கும் அந்த ஊருக்குப் போய்வர எனக்குப் பயணச் செலவும் இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் "எதுலக்கா போடறது?" என்று கேட்டால் நேரடி விற்பனை என்றுதான் சொல்வேன். ஆனால் செயலிக்காரர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

செயலியில் ஆள் தேட வேண்டாம். பெயர் தெரியாத ஊரிலிருந்தெல்லாம் ஆர்டர் வரும். கூரியர்காரர் வீட்டு வாசலுக்கே வந்து பார்சலை எடுத்துக்கொண்டு போவார். ராத்திரி பதினோரு மணிக்கு "சிஸ், இதே டிசைன்ல வேற கலர் இருக்கா" என்று யாரும் கேட்க மாட்டார்கள். மீஷோ போல விற்பவரிடம் கமிஷன் வாங்காத செயலியும் இருக்கிறது. கையில் பணம் கொடுத்து வாங்கும் வசதி இருப்பதால் முன்பணம் அனுப்பப் பயப்படுகிறவர்களும் வாங்குவார்கள். இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான்.

ஜிஎஸ்டி விஷயத்தில் மட்டும் நிறையப் பேர் குழம்புகிறார்கள். நான் தொடங்கியபோது செயலியில் விற்க வேண்டுமென்றால் விற்பனை எவ்வளவு சிறியதானாலும் ஜிஎஸ்டி எண் கட்டாயம். வாடகை வீடு என்பதால் வீட்டுக்காரரிடம் தடையில்லாக் கடிதமும் ஈபி பில்லும் வாங்கிக் கொடுத்துத்தான் எடுத்தேன். "வீட்டுல கம்பெனி வைக்கிறீங்களா?" என்று அவர் இரண்டு தடவை கேட்டார். 2023 அக்டோபர் 1 முதல் அந்த விதி தளர்ந்திருக்கிறது. வருட விற்பனை 40 லட்சத்துக்குள் இருந்து, சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்றால், பான் எண்ணை வைத்து ஒரு பதிவு எண் வாங்கிக்கொண்டு செயலியில் விற்கலாம். பலரும் தவறாக நினைப்பது மற்றொன்று: வாட்ஸ்அப்பில் விற்றால் ஜிஎஸ்டியே வேண்டாம் என்று. தமிழ்நாட்டுக்குள், அந்த 40 லட்சத்துக்குள் விற்கும் வரை சரி. பெங்களூருக்கு ஒரு புடவை அனுப்பினாலும் அது மாநிலம் தாண்டிய விற்பனை. அதற்குப் பதிவு வேண்டும். எனவே ஜிஎஸ்டியை மட்டும் நினைத்து இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய வேண்டியதில்லை.

இனி ரிட்டர்ன்.

மொத்தக் கடையில் புடவைக்கு மடிப்புப் போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஓரத்தை இழுத்துப் பிடித்து, ஒரே தட்டில் நாலாக, எட்டாக மடித்துவிடுவார்கள். பார்டர் மேலே வரும், முந்தி முன்பக்கம் விரியும். நான் தனியாகக் கட்டிலில் விரித்து, ஒரு முனையைத் தலையணைக்கு அடியில் செருகி, அயர்ன் பாக்ஸை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் போராடியிருக்கிறேன். கடை மடிப்பு வராது. ஒரு முறை பிரித்துப் பார்த்த புடவை என்பது கையில் எடுத்த உடனே பெண்களுக்குத் தெரிந்துவிடும். புதுப்புடவைக்கு ஒரு மொடமொடப்பு உண்டு, வாசனை உண்டு. இரண்டும் போன பிறகு அது 'செகண்ட்ஸ்'. பாதி விலைக்குக் கொஞ்சம் மேலே தேறினால் பெரிது.

அதை ரூபாயில் வைத்துப் பார்த்தேன். என் நோட்டில் இருக்கிற ஒரு சாஃப்ட் சில்க் புடவையின் கணக்கு இது. வாங்கிய விலை 480. கவர், ஸ்டிக்கர் 12. எல்லாக் கழிவும் போகச் செயலியிலிருந்து என் கணக்குக்கு வந்தது 605. கையில் நின்றது 113 ரூபாய். நல்ல லாபம்தான். அதே புடவை ரிட்டர்ன் ஆனால்? திரும்பி வரும் கூரியர் செலவு என் தலையில், 150. கவர் செலவு 12 போனது போனதுதான். மடிப்புக் கலைந்த புடவையைத் தெரிந்தவர்களுக்கு 350க்குக் கொடுத்தேன், அங்கே 130 நஷ்டம். மொத்தம் 292. ஒரு ரிட்டர்ன், ஏறக்குறைய மூன்று விற்பனையின் லாபத்தைத் தின்றுவிடுகிறது. பத்து அனுப்பி இரண்டு திரும்பினால் கடைசியில் மிஞ்சுவது 320, புடவைக்கு 32 ரூபாய். மூன்று திரும்பினால் 85 ரூபாய் கையை விட்டுப் போகும். ஜிஎஸ்டியை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. என் இளம்பிள்ளை நடையையும் சேர்க்கவில்லை.

எனக்கு மாதத்துக்கு மாதம் அந்த இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்தான் ஊசலாடியது. முகூர்த்த நாள் வந்தால் இன்னும் மோசம். கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள், நாலாம் நாள் பார்சல்கள் திரும்ப ஆரம்பிக்கும். 'கலர் பிடிக்கவில்லை' என்று காரணம் போட்டிருக்கும். பிரித்தால் மல்லிகைப்பூ வாசம் அடிக்கும். ஒரு தடவை நான் அனுப்பிய புடவைக்குப் பதில் வேறொரு பழைய புடவையே வந்தது. பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்துக் கோரிக்கை போட்டால் பணம் தருவார்கள் என்றார்கள், போட்டேன். வீடியோவில் பார்சல் எண் சரியாகத் தெரியவில்லை என்று நிராகரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு டியூப்லைட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்து, எண்ணை முதலில் காட்டி, அப்புறம் கத்தரிக்கோலை வைக்கப் பழகிக்கொண்டேன்.

எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். பாதிக்கு மேல் உண்மையாகவே கலர் பிரச்சினைதான். மயில்கழுத்து நிறம் ஒரு போனில் நீலமாகத் தெரியும், இன்னொரு போனில் பச்சையாகத் தெரியும். ராமர் பச்சை கேமராவில் வரவே வராது. அரக்கு, டியூப்லைட்டில் எடுத்தால் காப்பிப்பொடி நிறம். செயலியில் ஐந்தாறு படத்தைப் போட்டுவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். வாங்குகிறவர் அவருக்குத் தெரிந்த நிறத்தை நினைத்து வாங்குகிறார்.

நேரடி விற்பனை எனக்குப் பிடிபட்டது இந்த இடத்தில்தான். காலை ஒன்பது மணிக்கு மொட்டை மாடியில் வெயில் சாய்வாக இருக்கும்போது வீடியோ எடுப்பேன். மயில்கழுத்துப் புடவையைத் தனியாகக் காட்ட மாட்டேன். பக்கத்தில் ஒரு வெற்றிலையையும் ஒரு நீல பக்கெட்டையும் வைப்பேன். "வெத்தலையவிட நீலம், பக்கெட்டவிடப் பச்சை" என்று சொன்னால் ஈரோட்டில் இருக்கிறவருக்கும் புரியும். "அக்கா, அம்மாவுக்கு அறுபது வயசு, இந்த பார்டர் பளபளன்னு இருக்குமா?" என்று ஒருவர் கேட்டார். ஆமாம், இருக்கும், வேண்டாம் என்று சொல்லி, ஜரிகை குறைந்த வேறொன்றைக் காட்டினேன். அந்த விற்பனையில் லாபம் நாற்பது ரூபாய் குறைவு. ஆனால் திரும்பி வரவில்லை. தீபாவளிக்கு அவரே இரண்டு கேட்டார்.

விதியும் வைத்திருக்கிறேன். பணம் முதலில். டேமேஜ் இருந்தால் மட்டும் ரிட்டர்ன், அதற்கும் பார்சல் பிரிக்கும் வீடியோ வேண்டும், நடுவில் வெட்டு இருக்கக் கூடாது. இன்ஸ்டாகிராமில் புடவை விற்கும் பாதிப் பேர் வைத்திருக்கும் விதிதான். சிலர் ஒரேயடியாக 'நோ ரிட்டர்ன்' என்று போர்டு மாட்டிவிடுகிறார்கள். அது செல்லாது. பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதை 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக முறை என்கிறது; பில்லில் காலம் எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள் வரை பொறுப்பு உண்டு. இழை அறுந்த புடவையைத் திரும்ப வாங்கித்தான் ஆக வேண்டும். நான் அதை வாங்கிய மொத்தக் கடைக்கு எடுத்துப் போனால் கடைக்கார அண்ணன் முகம் சுளித்தாலும் மாற்றிக் கொடுப்பார். செயலியிலிருந்து மடிப்புக் கலைந்து வந்ததை எடுத்துப் போனால், "ஏம்மா, இது கட்டின பொடவைம்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

நேரடியில் அதே 480 ரூபாய்ப் புடவையை 640க்குக் கொடுக்கிறேன், கூரியர் தனி. 148 நிற்கிறது. போன வருடம் முழுக்கத் திரும்பி வந்தவை ஆறு. ஆறும் உண்மையான டேமேஜ்.

இதில் இருக்கிற கஷ்டத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு புடவை விற்க முப்பது மெசேஜ் ஆகும். முப்பதுக்குப் பிறகு "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்று போகிறவர்களும் உண்டு. வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான். அவர்களிலும் நம் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். அதனால் முதல் பார்சலிலேயே ஒரு சீட்டு வைத்து, எண்ணைச் சேமிக்கச் சொல்லிக் கேட்பேன். குரூப் வைத்தால் 1024 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். என் குரூப்பில் வாடிக்கையாளர் போலச் சேர்ந்த ஒருவர், ஒரே வாரத்தில் எல்லோருக்கும் தனித்தனியாகத் தன் புடவைப் படங்களை அனுப்பிவிட்டார். அதோடு குரூப்பை மூடினேன்.

ஜிபே ஸ்கிரீன்ஷாட் போலியாகவும் வரும். படத்தை நம்பாமல் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்த பிறகுதான் பார்சல் கட்டுவேன். வாட்ஸ்அப் கணக்கு முடங்கினால் கடையே மூடியது போல் ஆகிவிடும் என்ற பயத்தில் எல்லா எண்களையும் ஒரு நீள நோட்டில் கையால் எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

செயலியைக் கைவிட இன்னொரு காரணமும் உண்டு. நான் எடுக்கும் அதே புடவையை அதே படத்தோடு நாற்பது பேர் போட்டிருப்பார்கள், ஆளுக்குப் பத்து ரூபாய் குறைத்து. ஒருநாள் தேடிக்கொண்டே போனால், நெய்கிறவர்களே என் கொள்முதல் விலைக்குச் செயலியில் நேரடியாக விற்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, தறி அவர்களுடையது. விலையில் அவர்களோடு மோத என்னால் முடியாது. வெற்றிலையும் பக்கெட்டும் வைத்து நிறம் சொல்லத்தான் முடியும்.

ஆனால் இதெல்லாம் புடவைக்குச் சொன்னது. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் இருக்கும் என் அண்ணி மிளகும் காப்பிப்பொடியும் விற்கிறார். உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்து, செயலியில்தான் போடுகிறார், நன்றாகவே போகிறது. மிளகுக்கு மடிப்பு இல்லை. கலர் பிடிக்கவில்லை என்று யாரும் திருப்பி அனுப்புவதில்லை. அவருடைய தலைவலி வேறு: பார்சல் எடுக்க மலைக்கு ஒழுங்காக ஆள் வருவதில்லை. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, வாரம் ஒருமுறை மூட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்து இங்கிருந்து அனுப்புகிறார். அவரிடம் போய் வாட்ஸ்அப்புக்கு வாருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நூறு கிராம் மிளகுக்கு முப்பது மெசேஜ் தாங்காது.

சொந்த வெப்சைட் பற்றியும் கேட்கிறார்கள். நான் நடத்திப் பார்த்ததில்லை. தெரிந்த பெண் ஒருவர் வைத்திருக்கிறார். மாத வாடகை, பணம் வாங்கும் வசதிக்குக் கழிவு என்று போகிறதாம். அங்கே வருகிறவர்களும் கடைசியில் வாட்ஸ்அப் பட்டனை அழுத்தி அவரிடம்தான் நிறம் கேட்கிறார்களாம். மாதம் இருநூறு, முந்நூறு புடவை விற்கிறவர்களுக்கு அது சரிப்படலாம். நான் ஆடி மாதத்திலேயே எண்பதைத் தாண்டியதில்லை.

செயலிக் கணக்கை மூடவில்லை. அதில் இப்போது இன்ஸ்கர்ட் மட்டும் போட்டிருக்கிறேன், ஏழு நிறம், ஒரே விலை. இதுவரை திரும்பி வந்தது இரண்டு. இரண்டுமே உயரம் பத்தவில்லை என்று. ஒன்றை நானே கட்டிக்கொள்கிறேன்.