எஸ்.எம்.58 பாதி விலைக்குக் கிடைத்தால் வாங்காதீர்கள்

வீட்டில் பழைய ராக் பாட்டுகளைப் பாடிப் பதிவு செய்கிறவர்களுக்கு இந்த எச்சரிக்கை. ஆன்லைன் சந்தை ஒன்றில் "ஒரிஜினல், சீல் பிரிக்காதது" என்று போட்டிருந்த ஷூர் எஸ்.எம்.58 மைக், டீலர் விலையில் பாதிகூட இல்லாத 4,200 ரூபாய்க்கு வாங்கப்பட்டது. வந்தது போலி. பெட்டி, பை, லோகோ, தலையில் உள்ள கம்பிவலைக் கிரில்லின் பளபளப்பு எல்லாம் அச்சு அசல். அதனால் பதிவு மோசமாக வந்தபோதெல்லாம் அறையைக் குறை சொல்லி, தொண்டையைக் குறை சொல்லி, மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸ் வரைக்கும் சந்தேகப்பட்டாயிற்று. மைக்கைச் சந்தேகப்படத் தோன்றுவதற்குள் திருப்பிக் கொடுக்கும் 7 நாள் கெடு முடிந்துவிட்டது.

இந்த மாடலையே ஏன் இவ்வளவு போலி செய்கிறார்கள்? 1966இல் வந்த மைக். வெளித் தோற்றம் இன்றுவரை பெரிதாக மாறவில்லை, உலகம் முழுக்க எல்லோருக்கும் அடையாளம் தெரியும். மேடை மைக் என்று பலரும் நினைத்தாலும் எஸ்.எம். என்ற எழுத்துகளுக்கு ஸ்டூடியோ மைக்ரோஃபோன் என்றுதான் பொருள். காந்தமும் காயிலும் வைத்து வேலை செய்யும் டைனமிக் வகை என்பதால், இன்டர்ஃபேஸ் கேபிள் வழியாகக் கொடுக்கும் 48 வோல்ட் மின்சாரம் தேவையில்லை. கத்திப் பாடினாலும் தாங்கும். பக்கத்து அறை மின்விசிறிச் சத்தத்தைக் 48 வோல்டில் ஓடும் நுட்பமான கண்டென்சர் வகை மைக் அளவுக்கு இழுத்து வராது. லெட் செப்பலின் பாடகர் ராபர்ட் பிளான்ட், டீப் பர்ப்பிள் பாடகர் இயன் கில்லன் மாதிரி உச்சத்துக்குப் போய்ப் பாடிப் பார்க்க ஆசைப்படும் யாருக்கும், பஞ்சோ திரையோ கட்டாத படுக்கையறையில் இதைவிடப் பொருத்தமான மைக் அந்த விலையில் குறைவு. விற்கிறவனுக்கும் அது தெரியும்.

முதல் அறிகுறி சத்தத்திலேயே இருந்தது. சாதாரணமாகப் பேசும்போது தெரியாது. உச்ச ஸ்தாயியில் முழு மூச்சோடு பிடிக்கும் இடத்தில் காகிதம் கிழிவதுபோல ஒரு கரகரப்பு. மீட்டரைப் பார்த்தால் -10 டெசிபலில்தான் நிற்கிறது, சத்தம் எல்லை மீறினால் எரியும் கிளிப் விளக்கு எரியவில்லை. கெயினை, அதாவது இன்டர்ஃபேஸ் சத்தத்தைப் பெருக்கும் அளவை, குறைத்தால் கரகரப்பும் சேர்ந்து சின்னதாகிறதே தவிரப் போவதில்லை. இன்டர்ஃபேஸில் உடைகிற சத்தம் என்றால் கெயினைக் குறைத்ததும் போய்விடும். இது மைக்கின் தலைக்குள் சத்தத்தைப் பிடிக்கும் கேப்சூலிலேயே உடைகிறது. இதோடு 'ஸ', 'ஷ' வரும் இடமெல்லாம் விசில் அடிக்கும். கைப்பிடியை விரலால் லேசாகத் தட்டினாலே 'தொம் தொம்' என்று பதிவாகும். அசலில் கேப்சூலுக்கு அடியில் காற்றழுத்தத்தால் அதிர்வைத் தாங்கும் அமைப்பு உண்டு. இதில் வெறும் ரப்பர் வளையம்.

பெட்டியைத் திறந்ததுமே கவனித்திருக்க வேண்டியது ஒன்று உண்டு: உள்ளே கேபிள் இருந்தது. பெட்டியில் மாடல் எஸ்.எம்.58-எல்.சி. என்று அச்சிட்டிருக்கிறார்கள். எல்.சி. என்றால் கேபிள் இல்லாதது என்றே அர்த்தம். அசல் பெட்டியில் மைக், ஸ்டாண்ட் கிளிப், திருகு அடாப்டர், ஜிப் வைத்த பை, இவைதான் இருக்கும். "கேபிள் இலவசம்" என்று சந்தோஷப்பட்டால் ஏமாந்தோம் என்று பொருள். அந்தக் கேபிளும் ஒரு முனையில் மைக்கில் மாட்டும் மூன்று பின் எக்ஸ்.எல்.ஆர்., மறுமுனையில் 6.35 மி.மீ. மோனோ ஜாக். அதை இன்டர்ஃபேஸில் கிட்டார் செருகும் இடத்தில் செருகினால் மைக்கின் சின்ன சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப் வேலையே செய்யாது. சத்தம் போதாமல் கெயினை முழுசாகத் திருப்ப வேண்டி வரும், கூடவே கரண்ட் இரைச்சலும் ஏறும்.

அடுத்தது சமையலறைத் தராசு. அசலின் எடை 298 கிராம். கையில் இருந்தது 241. அசலில் கைப்பிடிக்குள் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பசையில் பதித்து வைத்திருப்பார்கள், போலியில் அது இல்லாததால்தான் இந்த இளைப்பு. ஆனால் எடை சரியாக இருக்கிறது என்பதால் மட்டும் நம்பிவிடாதீர்கள், உள்ளே இரும்புத் துண்டை வைத்து எடையைச் சரிக்கட்டுவது பெரிய வித்தையில்லை.

இருப்பதிலேயே நம்பகமான சோதனை மல்டிமீட்டர்தான். பீப் அடிக்கும் நிலையில் வைத்து, மைக்கின் அடியில் உள்ள மூன்று பின்களில் 1க்கும் 3க்கும் நடுவே தொட்டுப் பாருங்கள். 1 எர்த், 2, 3 இரண்டும் சிக்னல். அசலில் சிக்னல் பின் எதுவும் எர்த்தோடு சேராது, பீப் வரக் கூடாது. இந்த மைக்கில் 'பீ' என்று நீளமாக அடித்தது. 3ஐ எர்த்தோடு ஒட்டிவிட்டிருக்கிறார்கள். நல்ல கேபிள் போட்டும் இரைச்சல் அடங்காததற்குக் காரணம் இதுதான்.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அசல் டைனமிக் மைக்கில் 48 வோல்ட் பொத்தான் தவறுதலாக ஆனில் இருந்தாலும் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் 2, 3 இரண்டிலும் ஒரே வோல்டேஜ் வருவதால் காயிலில் மின்சாரம் ஓடாது. 3 எர்த்தில் இருந்தால் கதை வேறு. 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 6, 7 மில்லிஆம்ப் நேரே காயிலுக்குள் பாயும். சவ்வு ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு நிற்கும், குரல் நசுங்கி வரும். கண்டென்சர் மைக்கைக் கழற்றிவிட்டு இதை மாட்டுகிறவர்கள் கட்டாயம் அந்தப் பொத்தானைப் பார்க்க வேண்டும்.

திறந்து பார்ப்பதைக் கடைசியாக வையுங்கள், கேமரா ஓடும்போது செய்யுங்கள். கிரில்லைத் திருகி எடுத்த பிறகு கேப்சூலை மெல்லத் திருகினால் கழன்றுவரும். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இழுக்காதீர்கள், ஒயர் முடி மாதிரி இருக்கும், அறுந்துவிடும். அசலில் மஞ்சளும் பச்சையுமாக இரண்டு ஒயர். இதில் சிவப்பும் வெள்ளையும், பற்றவைத்த இடத்தில் ஈயம் உருண்டு வழிந்திருந்தது. கைப்பிடி காலி. நிறத்தை மாற்றுவதற்குப் போலிக்காரர்களுக்குச் செலவே இல்லை, எனவே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

விற்றவரிடம் கேட்டதற்கு முதலில் "எக்ஸ்போர்ட் பீஸ், அப்படித்தான் இருக்கும்" என்றார். பிறகு "ஃபர்ஸ்ட் காப்பி சார், அந்த விலைக்கு இதுதான்" என்றார். பில்லில் "மைக் - 1" என்று மட்டும் இருந்தது, பிராண்டும் இல்லை, மாடலும் இல்லை. இது தற்செயல் இல்லை. பில்லில் மாடல் பெயர் இல்லாவிட்டால், அசல் என்று சொல்லித்தான் விற்றார் என்று நிரூபிப்பது நம் தலையில் விழும். விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் அன்றே எடுத்து வைத்திருந்ததுதான் காப்பாற்றியது. பணம் கட்டுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள், புகார் போன மறுநாள் அந்தப் பக்கம் காணாமல் போயிற்று.

இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, சந்தைத் தளத்தின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விற்பனையாளரோடு வாய்ச்சண்டை போட்டு நாளைக் கடத்தாமல் நேரே அந்த அலுவலருக்கு எழுதுங்கள். அசைவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தராசுப் படம், மல்டிமீட்டர் வீடியோ, காலியான கைப்பிடியின் படம், ஸ்கிரீன்ஷாட், இந்த நான்கையும் சேர்த்து அனுப்பிய பிறகுதான் "திருப்பிக் கொடுக்கும் காலம் முடிந்துவிட்டது" என்ற பல்லவி நின்றது. 23ஆம் நாள் பணம் வந்தது, கூரியர் செலவு வரவில்லை.

பழைய மைக்கை நேரில் வாங்கப் போனால் தராசும் மல்டிமீட்டரும் பையில் இருக்கட்டும். இரண்டு நிமிட வேலை. மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம். காசு நிஜமாகவே குறைவு என்றால், பெஹ்ரிங்கர் எக்ஸ்.எம்.8500 போலச் சொந்தப் பெயரிலேயே மலிவாக வரும் டைனமிக் மைக் ஒன்றை அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம், மாடல் பெயர் எழுதிய பில்லோடு வாங்குங்கள். வாயிலிருந்து நான்கைந்து விரல் தள்ளி வைத்து, உச்சம் வரும் இடத்தில் ஒரு சாண் பின்வாங்கி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடி இரைச்சலை மென்பொருளில் வெட்டிவிட்டால் அந்தப் போலியைவிடப் பல மடங்கு சுத்தமாகப் பதிவாகும்.